முகூர்த்தத்துக்கு இரண்டு அம்மாக்கள்

ராஜா,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆபீஸ் வேலைக்கு நடுவில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போயிருப்பாய். தமிழ் என்றால் வரிக்கு வரி நின்று நின்றுதான் போக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பெங்களூரில் உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவா ஓய்வு கிடைக்காமல் போகும்? தடுமாறுகிற இடத்தில் துலியிடம் கேட்காதே. நம் வீட்டுக்கு வரப்போகிற அந்தப் பெண்ணுக்குத் தமிழில் தெரிந்தது நாலே வார்த்தை, அதில் மூன்று சாப்பாடு. அப்பாவுக்குப் போன் போட்டுக் கேள்.

நேற்றுக் காலை நீ அனுப்பிய செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "துலியோட பெரியப்பா பேசினார். அவங்க அம்மா முகூர்த்தத்துக்கு ஹாலுக்கு வர மாட்டாங்க, அவங்க கஸ்டம் அப்படி. நானும் ஓகே சொல்லிட்டேன். ப்ளீஸ், கோஆப்பரேட் பண்ணும்மா." இவ்வளவுதான். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் உடனே உன்னைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். அப்பாதான் போனை வாங்கி வைத்துக்கொண்டார். "இப்பப் பேசினா நீ பேசுவ, அவன் கேக்க மாட்டான். எழுது" என்றார். அவர் சொல்லி நான் கேட்பது அபூர்வம். இந்த முறை கேட்டுவிட்டேன்.

பாலிகஞ்சில் நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்த காலம் முழுக்க, வருஷா வருஷம் ஏழாம் வகுப்பில் ஒரு பாடம் வரும். சேர்வதைச் சொல்கிற வார்த்தைகள். ஜாயின், யுனைட், கம்பைன், மெர்ஜ், அலையன்ஸ், கொலாபரேட், கோஆப்பரேட். பிள்ளைகள் கொட்டாவி விடும். எல்லாம் ஒன்றுதானே மிஸ் என்று முணுமுணுக்கும். நான் விட மாட்டேன். ஒவ்வொன்றிலும் யார் யாரோடு சேர்கிறார்கள், சேர்ந்த பிறகு யாரிடம் எது மிஞ்சியது என்று கேட்பேன். மெர்ஜ் என்றால் இரண்டில் ஒன்றின் பெயர் போய்விடும். நம் தெருமுனையில் இருந்த சின்ன பாங்க்கைப் பெரிய பாங்க்கோடு சேர்த்தபோது ஒரே ராத்திரியில் போர்டு மாறவில்லையா, அந்த மாதிரி. அலையன்ஸ் அப்படி இல்லை. அதில் அவரவர் கொடி அவரவரிடமே இருக்கும். உன்னை ஒருவன் அடிக்க வந்தால் நான் பக்கத்தில் வந்து நிற்பேன் என்கிற வாக்கு மட்டும்தான் இரண்டு பேருக்கும் பொது. நம் ஊர்க்காரர்கள் வரன் பார்ப்பதற்குப் போய் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது எனக்கு என்றைக்கும் சிரிப்புத்தான். உன் அத்தை போன் பண்ணி, "அலையன்ஸு பெங்காலியாமே?" என்று இழுத்தபோது, "ஆமா மதினி, யார் மேல படையெடுக்கப் போறோம்னுதான் இன்னும் முடிவாகல" என்றேன். பட்டென்று வைத்துவிட்டாள்.

நீ எழுதிய வார்த்தைக்கு வருகிறேன். அகராதியில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. கூடி வேலை செய்வது, அவ்வளவுதான். ஆனால் ப்ளீஸ் என்று முன்னால் போட்டு அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பார். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியில்லாதவர்தான், விட்டுக்கொடுக்கப் போகிறவரிடம் சொல்வார். பல் டாக்டர் சொல்வார். ரயில் தாமதமானால் ஹவுரா ஸ்டேஷனில் மைக்கில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பெண்களிடம் சொல்வார்கள்.

என் கல்யாணத்தில் என் அம்மாவிடம் சொன்னார்கள். இதை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நான் காலேஜில் இருந்தபோதே என் அப்பா போய்விட்டார். கல்யாணம் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். அம்மாவுக்கு ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக்கொடுக்கிற வேலை. என்னை மணமேடைக்குக் கூட்டிப்போக வந்தபோது, அம்மா எங்கே என்று கேட்டேன். "இந்த நேரத்துல அவளத் தேடுதியே. நல்ல காரியம்னு அவளே ஒதுங்கிட்டா. நீ பேசாம வா" என்றாள் சித்தி. அம்மா வந்தால்தான் வருவேன் என்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேளம் ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அம்மாவே உள்ளிருந்து ஆள் சொல்லி அனுப்பினாள்: "போச்சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல." போனேன். சாயந்தரம் எல்லாருமாகச் சேர்ந்து அவளைப் பாராட்டினார்கள். எவ்வளவு அனுசரணை, எவ்வளவு ஒத்துழைப்பு என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் அவள் கல்கத்தாவுக்கு வரும்போதெல்லாம் என் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "இந்தப் பக்கம் நிக்கது யாரு? இப்ப என்ன செய்தாவ?" என்று கேட்பாள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தை, யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் போல விசாரிப்பாள். நான் சொல்லுவேன், அவள் அடுத்த பக்கம் திருப்புவாள். அவள் கண்ணை மூடுகிறவரைக்கும் இது நடந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்திருந்தேன். உனக்கும் துலிக்கும் நாள் பார்த்தபோது நம் பஞ்சாங்கமும் அவர்கள் பஞ்சாங்கமும் மார்கழி வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னதும், பரவாயில்லையே, ஒத்துப்போகிறதே என்று எல்லோரும் சிரித்தோம். இன்னொரு விஷயத்திலும் ஒத்துப்போகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெண்ணுக்கு ஆகாதாம். நம் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் நின்று நீர் வார்த்தால்தான் கல்யாணமே. ஆனால் அவள் புருஷனை இழந்தவள் என்றால் மட்டும் ஆகாது. துலியின் அம்மா இரண்டு கணக்கிலும் வெளியே நிற்கிறாள். சாம்பாரிலிருந்து சங்கு ஊதுவது வரைக்கும் ஒன்றிலும் சேராத இரண்டு ஊர் வழக்கம், இவளை வாசலுக்கு வெளியே நிறுத்துவதில் மட்டும் கைகோத்துக்கொண்டது.

போன வாரம் நான் பெஹாலாவில் அவள் வீட்டுக்குப் போனேன். ஜாக்கெட் அளவு கொடுக்கிற சாக்கு. புருஷன் போனபிறகு அந்தச் சின்ன ஃப்ளாட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துத்தானே அவள் துலியை ஆளாக்கினாள். டீயும் நிம்கியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, டேப்பை எடுத்து என் தோளை அளந்தாள். முகூர்த்தத்துக்கு என்ன கலர் கட்டப்போகிறீர்கள் என்று சும்மா கேட்டேன். அவள் வங்காளியில் சொன்னதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"நானா? நான் வீட்டுலதானே இருப்பேன் தீதி. மாயேர் தேக்தே நேய். அம்மா பார்க்கக் கூடாதே."

"எங்க பக்கத்துல அம்மாதானே தண்ணி விடணும்" என்றேன்.

டேப் என் தோளிலேயே நின்றது. எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். தாரை வார்ப்பதைச் சொன்னேன். பெண்ணின் கையைப் பிள்ளையின் கையில் வைத்து, அதன்மேல் நீரை விட்டு, இவள் இனி உன் பொறுப்பும்தான் என்று கொடுப்பது. அப்பா கையைப் பிடித்துக் கொடுப்பார், அம்மா நீர் விடுவாள்.

"அப்பா இல்லைன்னா?"

"ஐயர்கிட்ட கேட்டுட்டேன். பெத்தவ ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒரு கையால விடட்டும், அதை யாரு தடுக்க முடியும்னு சொல்லிட்டார். உங்க வீட்டுல சண்டை வந்தா மட்டும் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீங்கன்னார்."

அவள் சிரித்தாள். அப்புறம் டேப்பைச் சுருட்டினாள். "நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, அன்னைக்கு அம்மா பார்த்தாளே, அதான்னு சொல்வாங்க தீதி" என்றாள். அவளுக்கு வழக்கத்தின் மேல் பயம் இல்லை, ராஜா. நாளைக்கு வரப்போகிற பேச்சின் மேல்தான் பயம். நான் சொன்னேன்: "எம் பிள்ளை முன்கோபக்காரன், மறதிக்காரன், ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறவன். துலிக்குத் தலைவலி வந்தா அது அவனால வரும். இப்பவே எழுதிக் கொடுக்கட்டுமா?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டீப் பாத்திரத்தை எடுத்துவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சின்னச் செம்பு ஒன்றில் தண்ணீரோடு நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். எப்படிப் பிடிப்பது, காட்டுங்கள் என்றாள். தொட்டிக்கு மேலே என் கையை நீட்டினேன், துலியின் கை மாதிரி. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் செம்பைச் சாய்த்தாள். முதல் தடவை மொத்தமும் என் சேலையில். நூல் மாதிரி விழ வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது என்றேன். மறுபடி செய்தாள், பாதியில் அறுந்தது. ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. இன்னொரு தடவை என்று தானே சொல்லிச் செம்பை நிரப்பிக்கொண்டாள். இந்தத் தடவை கடைசிச் சொட்டுவரைக்கும் ஒரே சீராக விழுந்தது. அதற்குப் பிறகும் அவள் என் கையை விடவில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன், ஒரே வண்டியில் போவோம் என்றேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். வாசல்வரை வந்தவள், அதுவரை தீதி என்று கூப்பிட்டவள், "பார்த்துப் போங்க, பெயான்" என்றாள். பெயான் என்றால் நம் சம்பந்தி அம்மாள்தான். அவர்களிடமும் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. சேர்வதற்கு அத்தனை வார்த்தை வைத்திருக்கிற இங்கிலீஷில், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த இரண்டு அம்மாக்கள் ஒருத்திக்கு ஒருத்தி என்ன ஆகிறார்கள் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியும் எனக்கு இது ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது.

இதற்குள் பெரியப்பா உன்னைக் கூப்பிட்டுவிட்டார். நீயும் ஓகே சொல்லிவிட்டாய். உன் மாமியாரை நீ ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் செய்தியில் சொல்லியிருப்பாய். துலியைக் கேட்டாயா என்றும் சந்தேகம்தான். அவளிடம் நான் பேசினேன். "அம்மா வரணும்னுதான் எனக்கு ஆசை ஆன்ட்டி, ஆனா பெரியப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்று அழுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தம்பி போன நாளிலிருந்து அந்த மனிதர் அவர்களுக்குத் துணையாக நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆஸ்பத்திரியில் வராந்தாவில் படுத்திருக்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். அதனால்தான் சாயந்தரம் அவர்கள் முறைப்படி நடக்கிற கல்யாணத்தில் அவரே உட்கார்ந்து பெண்ணைக் கொடுக்கட்டும், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. சாயந்தரம் வருவதா வேண்டாமா என்பதைப் பெயானே முடிவு செய்யட்டும், அது அவள் ஊர் வழக்கம், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் காலையில் நடப்பது நம் முகூர்த்தம். அதில் நீர் வார்க்கிற கை பெற்றவளுடையது. அவளை உள்ளே விட வேண்டியவர்கள் நாம்.

உன் அப்பாவைப் பார். வாழ்நாளில் மீன் கடைப் பக்கம் திரும்பாத மனிதர். முந்தின நாள் மஞ்சள் பூசுகிற சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் ரூயி மீனுக்குச் சேலை கட்டி, மூக்குத்தி போட்டு அனுப்ப வேண்டும் என்று தெரிந்ததும், ஆள் வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் சொன்னேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரியாஹாட் சந்தைக்குப் போய், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மீன்காரரிடம் பாடம் படிக்கிறார். "செவுள் செவப்பா இருக்கணும்ளா, கண்ணு பளபளன்னு முழிக்கணும்" என்று என்னிடம் வந்து ஒப்பிக்கிறார். வந்ததும் இரண்டு தடவை குளிக்கிறார், அது வேறு. அவர் இனியும் மீன் சாப்பிடப்போவதில்லை, அவர்களும் அவரைச் சாப்பிடச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வேலையில் தன் கையை வைத்திருக்கிறார். கொலாபரேட் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். துலியின் அம்மா செம்பை எடுத்ததும் இதுதான். இரண்டு பெரியவர்கள் இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்கிற நீ மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டிருக்கிறாய்.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சண்டை வேண்டாம், எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும், போட்டோ நன்றாக வர வேண்டும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். இரண்டு பேர் குரலை உயர்த்தினால் மூன்றாவது அறைக்குப் போய்விடுவாய். அதை நல்ல குணம் என்று நானும் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அது போதாது. துலிக்கும் உனக்கும் நடுவில் என்றாவது ஒரு நாள் யாராவது வந்து நிற்பார்கள். அது நானாகவே கூட இருக்கலாம். அன்றைக்கு அவள் அழுதுகொண்டு உன் முகத்தைப் பார்க்கும்போது நீ மூன்றாவது அறைக்குப் போக முடியாது. பக்கத்தில் வந்து நிற்பேன் என்கிற வாக்கை ஒருவருக்குக் கொடுத்தால் சண்டைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

அதனால் பெரியப்பாவிடம் நீதான் பேச வேண்டும். நான் பேச மாட்டேன். நான் பேசினால் மாப்பிள்ளை வீட்டு அதிகாரம் என்று ஆகிவிடும். துலி பேசக் கூடாது. பேசினால் நன்றி கெட்டவள் என்பார்கள். பெயான் பேசவே மாட்டாள். நீ பேசினால் அவர் கேட்பார். அந்த வீடுகளில் ஜாமாய், அதாவது மாப்பிள்ளை, என்றால் என்ன மரியாதை என்று நீயே பார்த்திருக்கிறாய்; தட்டைச் சுற்றிப் பதினெட்டுக் கிண்ணம் வைத்து விசிறி வீசுகிறார்கள். அந்த மரியாதையைச் சாப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே. பணிவாகப் பேசு, வங்காளியில் பேசு, உனக்குத்தான் அது என்னைவிட நன்றாக வருமே. சாயந்தரம் உங்கள் கையால்தான் பெண்ணை வாங்குவேன், காலையில் அவள் அம்மா கையால் வாங்குவேன் என்று சொல். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள். போனை வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடு. ஒரு முறை பேசிப் பார்த்தேன், முடியவில்லை என்று என்னிடம் வராதே.

பேச முடியாது என்று முடிவு செய்தால், அதையும் இப்போதே தெரிந்துகொள். மஞ்சள் சடங்குக்கு அப்பா மீன் அனுப்புவார், சீர்த்தட்டு ஒன்றும் குறையாது. முகூர்த்தத்தன்று அப்பா மண்டபத்துக்கு வருவார். நான் விடியற்காலையில் குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பெஹாலாவுக்குப் போவேன். அங்கே பெயானோடு இருப்பேன். இது மிரட்டல் இல்லை. கோபத்தில் எழுதுவதும் இல்லை. கோபம் நேற்றோடு போய்விட்டது. என் அம்மா ஸ்டோர் ரூமில் இருந்தபோது அவளோடு போய் உட்கார யாரும் இல்லை. இவளுக்கு நான் இருக்கிறேன்.

மாலையும் கழுத்துமாக நீங்கள் இரண்டு பேரும் அங்கே வந்தால் வாசலிலேயே நின்று மனசார வாழ்த்துவோம், அதில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் மணமேடையில், நீ தாலியைக் கையில் வாங்கும்போது, ஐயர் மாப்பிள்ளையின் அம்மாவை முன்னால் வரச்சொல்லுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன பதில் சொல்வதென்று யோசித்து வைத்துக்கொள். யோசிக்க முடியவில்லை என்றால் இன்றைக்கே அவரைக் கூப்பிடு.

அம்மா